முதலில் கழல வேண்டியது எது?

பொங்கல் மத்தியானம் கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது என் கீழ்த்தாடையின் இடப்பக்க பிரிட்ஜ் முழுதாகக் கையோடு வந்துவிட்டது. மூன்று பற்கள், ஒரே கட்டு. வலி இல்லை, ரத்தம் இல்லை. கழுவித் துடைத்து மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு வைத்தேன். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிட்டது. "கரும்பைக் கடிச்சா கழலாம என்ன செய்யும்?" என்றாள் மனைவி. "இனிமே ஜூஸ் பிழிஞ்சு குடிங்க மாமா" என்றார் மருமகன். பல் கட்டிய ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். குற்றவாளி இன்னார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால் விசாரணைக்கு என்ன வேலை? சிமென்ட் வைத்து ஒட்டி அனுப்பினார்கள்.

அடுத்த தடவை இட்லிக்கே கழன்றது. கரும்பின் மேல் போட்ட வழக்கு அதோடு தள்ளுபடி.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். நட்டும் போல்ட்டும் சோறு போட்ட கை. ஒரு போல்ட் ஒரு தடவை கழன்றால் சரியாக முறுக்கவில்லை என்று விட்டுவிடலாம். அதே போல்ட் அதே இடத்தில் மறுபடி மறுபடி கழன்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்பது பட்டறைப் பையன்களுக்குக்கூடத் தெரியும். அதனால் என் வாய்க்குள் நடப்பதை நோயாளியாகப் பார்ப்பதைவிட மெக்கானிக்காகப் பார்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது.

என் வாயில் என்ன மாட்டியிருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்க் கடைவாயில் வரிசையாக மூன்று பற்கள் போய்ப் பல வருஷம் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதில் முன்னும் பின்னுமாக இரண்டு இம்ப்ளாண்ட். டைட்டானியத்தில் மரை போட்ட சின்ன முளைகள். தாடை எலும்புக்குள் முறுக்கி இறக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றின் தலையிலும் அபட்மெண்ட் என்ற குட்டித் தூண். அந்தத் தூணை இம்ப்ளாண்ட்டோடு பிடித்துவைப்பது உள்ளே போகும் ஒரு ஸ்க்ரூ. இரண்டு தூண்களுக்கும் மேலே, நடுப்பல் அந்தரத்தில் நிற்க, மூன்று பல் கொண்ட பிரிட்ஜ். அதைச் சிமென்ட் வைத்துத் தூண்களில் ஒட்டியிருந்தார்கள். ஆக, கழலக்கூடிய இடங்கள் மூன்று: சிமென்ட் ஒட்டிய இடம், ஸ்க்ரூ பிடித்த இடம், எலும்பு பிடித்த இடம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் பெயர் ஒன்றுதான்: "பல் ஆடுது."

இட்லிக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் யோசித்தார்கள். அதுவரை வைத்திருந்தது தற்காலிகச் சிமென்ட்டாம். வேண்டுமென்றால் கழற்றிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அப்படி வைப்பது உண்டாம். இந்தத் தடவை கெட்டிச் சிமென்ட். "இனிமே கழலாது சார்" என்று உறுதியும் கொடுத்தார்கள். சொன்னபடியே அது கழலவில்லை. கொஞ்ச காலம் நிம்மதியாக முறுக்குகூடத் தின்றேன்.

பிறகு வந்தது வேறு மாதிரித் தொல்லை. சாப்பிடும்போது பின்பக்கம் மெல்ல ஒரு "டிக்". சோற்றை மென்று முடித்ததும் அந்த மூலையிலிருந்து ஒரு கெட்ட சுவை. நாக்கால் அழுத்தினால் பிரிட்ஜ் லேசாக அமுங்கி எழும். ஆனால் கையோடு வராது. ஈறு சிவந்து உப்பிக்கொண்டது. மீண்டும் போனேன். தட்டிப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள், இம்ப்ளாண்ட்டே எலும்பில் பிடிப்பு விட்டிருக்கலாம், எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்றார்கள். எடுப்பது, எலும்பு ஆற மாதக்கணக்கில் காத்திருப்பது, தேவைப்பட்டால் எலும்புத் தூள் வைப்பது, பிறகு மறுபடி துளை போடுவது. செலவைக் கேட்டபோது பல்லைவிட மற்றதெல்லாம் ஆடியது. "மரை கழண்ட கேஸ்னு உங்களைச் சொல்லுவாங்க, இப்ப நிஜமாவே கழண்டுடுச்சு" என்று பட்டறைச் சிநேகிதர் ஒருவர் போனில் சிரித்தார்.

இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்று தஞ்சாவூர் போனோம். செயற்கைப் பல் பொருத்துவதிலேயே மேற்படிப்புப் படித்த பெண் டாக்டர், என் மகள் வயது. வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் கேள்வியாகக் கேட்டார். முதலில் முழுசாகக் கழன்று வந்ததா, பாதி ஆடியதா? எந்தச் சிமென்ட்டுக்குப் பிறகு எப்படி மாறியது? ஆட்டம் முன்பக்கமா, பின்பக்கமா? அழுத்தினால் வலிக்கிறதா? கழன்று வந்தபோது உள்ளே தூணும் சேர்ந்து வந்ததா, பிரிட்ஜ் மட்டும் வந்ததா? வண்டியைத் தொடுமுன் டிரைவரிடம் இத்தனை கேள்வி கேட்கிற மெக்கானிக்கை நான் நம்புவேன். அதே காரணத்துக்காக அவரையும் நம்பினேன்.

அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பினார். "சார் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறாரா அம்மா?"

"அதை ஏன் கேக்குறீங்க டாக்டரம்மா! நற நறன்னு. எழுப்பினா நின்னுடும். திரும்பிப் படுத்தா மறுபடி ஆரம்பிச்சுடும். கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன்."

எனக்கே தெரியாத என் ராத்திரி வேலை அன்று ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் ஏறியது.

அடுத்தது எக்ஸ்ரே. அதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை எடுத்தார். முதல் படத்தில் இம்ப்ளாண்ட்டின் மரை ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தது. "மரை ரெண்டு பக்கமும் பல்லு பல்லா தெரிஞ்சாத்தான் குழாய் நேரா இருந்துதுன்னு அர்த்தம் சார். சாய்ஞ்சு எடுத்தா நடுவுல இடைவெளி இருந்தாலும் மறைஞ்சுடும்" என்றார். கோணத்தை மாற்றி எடுத்த இரண்டாவது படத்தில், பின்பக்க இம்ப்ளாண்ட்டும் தூணும் சேருகிற இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு கருங்கோடு. சேர்ந்திருக்க வேண்டிய இரண்டு உலோகம் சேராமல் நிற்கிறது. சுற்றியிருந்த எலும்போ இரண்டு இம்ப்ளாண்ட்டையும் ஒட்டி உறவாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு மெல்லிய கருவியால் பிரிட்ஜை மேலும் கீழும் அசைத்தார். கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். முன்பக்கப் பல் ஈறைத் தொடும் விளிம்பில், அழுத்தும்போதெல்லாம் எச்சில் குட்டிக் குட்டியாகக் குமிழ் விட்டது. உள்ளே சிமென்ட் கரைந்து வெற்றிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆக, பின்னால் ஸ்க்ரூ லூஸ், முன்னால் சிமென்ட் போச்சு. ஒரே பிரிட்ஜில் இரண்டு விதமான கழலல். எலும்பு குற்றமற்றது. "இம்ப்ளாண்ட் ஆடினா அதுக்கு வைத்தியமே கிடையாது, எடுத்துடணும். உங்களுக்கு அது ஆடலை. ஆடுறது எல்லாம் அதுக்கு மேல இருக்கிறதுதான்" என்று அவர் சொன்னபோது மனைவி மேலே பார்த்துக் கும்பிட்டாள்.

கெட்டிச் சிமென்ட் வைத்ததன் விலை அப்போதுதான் புரிந்தது. ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். ஆனால் ஸ்க்ரூ பல்லுக்குள்ளே, பல்லோ ஒட்டிக்கிடக்கிறது. கடைசிப் பல்லின் மேல்தளத்தில், எக்ஸ்ரேயை வைத்து இடம் குறித்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே பீங்கானைத் துளைத்தார். பீங்கான் தாண்டி உலோகம், உலோகம் தாண்டி ஸ்க்ரூவின் தலைக்குழி. அதற்கான திருப்புளி என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். முனை ஒன்றேகால் மில்லிமீட்டர் அறுகோணம். வாய்க்குள் கொண்டுபோகுமுன் அதன் கழுத்தில் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைக் கட்டி, நுனியை என் சட்டைக் காலர் பக்கம் தொங்கவிட்டார். கைதவறி விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் வேறு ஆஸ்பத்திரி தேட வேண்டுமாம். கிணற்றுக்குள் மோட்டார் இறக்கும்போது ஸ்பேனருக்குக் கயிறு கட்டுகிறவன் நான். அந்த நூலைப் பார்த்ததும் உடம்பைத் தளர்த்திக்கொண்டேன்.

ஸ்க்ரூ வெளியே வந்தது. பெரிதாக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்து என்னிடம் காட்டினார். ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமன். மரையின் ஒரு பக்கச் சரிவு மட்டும் பளபளவென்று மெருகேறிக் கிடந்தது, மறுபக்கம் மங்கல். இறுக்கிப் பிடித்த போல்ட்டுக்கு அந்த மெருகு வராது. இருந்த இடத்திலேயே நுணுக்கமாக அசைந்துகொண்டிருந்த போல்ட்டுக்குத்தான் வரும். அதைச் சொன்னேன். "நீங்களே ரிப்போர்ட் எழுதிடுவீங்க போலிருக்கே சார்" என்றார்.

ஸ்க்ரூ எப்படிப் பிடிக்கிறது என்பதில் எங்களுக்குள் பேச்சு நீண்டது. போல்ட்டை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் இழுப்புதான் இரண்டு உலோகத்தையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. கடிக்கிற விசை அந்தப் பிடியைவிடக் குறைவாக இருக்கும்வரை ஸ்க்ரூவுக்கு எதுவும் தெரியாது. மிஞ்சினால் மூட்டு திறந்து மூடத் தொடங்கும்; ஸ்க்ரூ கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கும். நாம் முறுக்குகிற சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்த இழுப்பாக மாறுகிறது. மிச்சத்தைத் தலையடியிலும் மரையிலும் உராய்வு தின்றுவிடும். அதனால்தான் கைக்கணக்கு உதவாது. இந்த மாதிரித் தூண் ஸ்க்ரூவுக்குப் பொதுவாக 30 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர் என்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் டிராக்டரின் பின்சக்கர நட்டுக்கு நூற்றுக்கணக்கான நியூட்டன் மீட்டர். இங்கே ஒரு நியூட்டன் மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விரலால் மட்டும் முறுக்கினால் அதுகூட வராது.

பின்பக்கத் தூணோடு பிரிட்ஜ் வெளியே வந்தது. முன்பக்கத் தூண் வாயிலேயே நின்றது. அதை அளந்தார்: மூன்று மில்லிமீட்டர் உயரம்கூட முழுசாக இல்லை. சிமென்ட் பிடிக்க நாலு மில்லிமீட்டராவது வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. குட்டைத் தூணில் எந்தச் சிமென்ட் வைத்தாலும் ஒரு நாள் விடும். அந்தத் தூணின் ஓரத்தில், உப்பிய ஈறுக்கு அடியிலிருந்து, வெள்ளைப் பொருக்கு ஒன்றைக் கிள்ளி எடுத்துத் தட்டில் வைத்தார். வழிந்த சிமென்ட் ஈறுக்குள் இறங்கிக் கெட்டிப்பட்டது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் நுண்ணிய கேமராவை ஈறுக்குள் விட்டுப் பார்த்தார்களாம். நோய்க்குறி தெரிந்த இம்ப்ளாண்ட்டுகளில் 81 சதவீதத்தில் இப்படி எஞ்சிய சிமென்ட் இருந்ததாம். என் ஈறு சிவந்ததற்கும் கெட்ட சுவைக்கும் பங்காளிகள் இருவர்: திறந்து மூடிய மூட்டு, தங்கிப்போன சிமென்ட்.

அங்கேதான் டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். இன்றைக்கு வரை அதுதான் எனக்கு இந்த விவகாரத்தின் சாரம். "முதல்ல தற்காலிகச் சிமென்ட் கழன்றது சார். அப்பவே ஏன்னு பார்த்திருந்தா ஒண்ணுமில்லை. கெட்டிச் சிமென்ட் வெச்சதும் அந்த விசை அடுத்த இடத்துக்குப் போச்சு. ஸ்க்ரூ கழன்றது. இப்ப நான் ஸ்க்ரூவை இன்னும் பலமா முறுக்கி விட்டுடலாம், உங்களுக்கும் சந்தோஷம். அடுத்து ஸ்க்ரூ உள்ளேயே ஒடியும். இல்லைன்னா இம்ப்ளாண்ட் விரிசல் விடும். எலும்பு கரையும். எது கழலணும்னு நாமதான் முடிவு பண்ணணும்."

டெல்டாவில் ரோட்டவேட்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. டிராக்டரிலிருந்து ரோட்டவேட்டருக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கும். மண்ணுக்குள் பழைய தென்னங்கட்டையிலோ கல்லிலோ கத்தி மாட்டினால் முதலில் அதுதான் அறுபடும். அறுபடுவதற்கென்றே போட்ட போல்ட். சில ரூபாய் சமாச்சாரம். புதிதாக மாட்டிவிட்டு உழவைத் தொடரலாம். சம்பா அவசரத்தில் அடிக்கடி அறுபடுகிறதே என்று எரிச்சல்பட்டு, சிலர் அந்த இடத்தில் கெட்டியான ஹை டென்சில் போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். போல்ட் அப்புறம் அறுபடவே அறுபடாது. கியர் பாக்ஸ் உடைந்து, வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். என் வாயில் நடந்ததும் அதுதான்: அறுபட வேண்டியதை அறுபடாமல் செய்தார்கள்.

சரி, விசை எங்கிருந்து வந்தது? அதற்கு டாக்டர் மூன்று பதில் கண்டுபிடித்தார். மூன்றும் சேர்ந்துதான் வேலையைக் காட்டியிருக்கின்றன.

முதலாவது கடி. கீழே பல வருஷம் பல் இல்லாமல் கிடந்ததால், எதிரே இருந்த மேல் கடைவாய்ப் பல் தடுக்க ஆளில்லாமல் கீழே இறங்கியிருந்தது. அந்த இறங்கிய பல்லுக்கு ஏற்றபடி இடத்தைச் சுருக்கிக் கீழே பிரிட்ஜ் கட்டியிருக்கிறார்கள். முன் தூண் குட்டையானதும் அதனால்தான். பழைய பிரிட்ஜை ஒரு முறை தற்காலிகமாக உட்காரவைத்து, மை தடவிய காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். நேராகக் கடித்தபோது புள்ளிகள் பரவலாக விழுந்தன. பல்லைக் கடித்தபடியே தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னபோது, கடைசிப் பல்லின் வெளி ஓரத்தில் மட்டும் நீளமாக ஒரு நீலக்கோடு. மற்ற பற்கள் எல்லாம் விலகி நிற்க, மொத்தத் தாடையும் அந்த ஒரு மூலையில் உரசுகிறது.

இரண்டாவது, ராத்திரி நறநற. இங்கேதான் சொந்தப் பல்லுக்கும் இம்ப்ளாண்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. சொந்தப் பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவில் நார்களாலான ஒரு சவ்வு உண்டு. கடித்தால் பல் சற்று அமுங்கும். அதிகம் கடித்தால் சவ்விலிருக்கும் நரம்பு "போதும்" என்று சொல்லும். இம்ப்ளாண்ட்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. 1952-இல் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்-இங்வார் பிரோனெமார்க் முயல் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் குழலைத் திரும்ப எடுக்க முடியாமல் எலும்பு பிடித்துக்கொண்டதில்தானே இந்த வைத்தியமே பிறந்தது! 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக அப்படிப் பல் வைத்தார். 2006-இல் இறக்கும்வரை அவருக்கு அவை உழைத்தன. எலும்பும் உலோகமும் ஒன்றாகிவிடும் அந்தப் பிடிப்புதான் இம்ப்ளாண்ட்டின் பெருமை. அமுங்கிக்கொடுக்காது, எச்சரிக்கவும் செய்யாது என்பது அதே பெருமையின் மறுபக்கம். விசை முழுவதும் மேலே இருக்கும் மூட்டில்தான் இறங்கும்.

மூன்றாவது, பொருத்தம். பழைய பிரிட்ஜ் வார்ப்பு உலோகத்தில் செய்தது. வார்ப்பில் சுருக்கம் வரும், அளவு எடுத்ததில் பிசகு வரும், அச்சு ஊற்றியதில் பிசகு வரும். சொந்தப் பல் என்றால் சற்று நகர்ந்து பிசகை விழுங்கிக்கொள்ளும்; இம்ப்ளாண்ட் நகராது. அப்போது அழுத்தி ஒட்டிய பிரிட்ஜ் இரண்டு தூண்களையும் இழுத்துக்கொண்டே நிற்கிறது. கடிப்பதற்கு முன்பே ஸ்க்ரூ பாரம் சுமந்து நிற்கும்.

பழைய பிரிட்ஜைச் சரிசெய்து போடுவதா, புதிதா என்று கேட்டேன். புதிது என்றார். இம்ப்ளாண்ட் இரண்டும் நன்றாக இருப்பதால் அறுவை வேலை இல்லை, மேல்கட்டுமானம் மட்டும்தான் என்றதும் ஒப்புக்கொண்டோம்.

முதல் வேலையாக, இறங்கிய மேல் பல்லைக் கொஞ்சம் தேய்த்து வரிசைக்குக் கொண்டுவந்தார். பிறகு அளவு எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதற்கு அடுத்தது. லேப்பிலிருந்து சிவப்பு ரெசினில் ஒரு குச்சி வந்தது; இரண்டு இம்ப்ளாண்ட்டின் இடைவெளியைச் சோதிக்கிற ஜிக். அதை நடுவில் மெல்லிய தகட்டால் இரண்டாக வெட்டியிருந்தார்கள். இரண்டு துண்டையும் என் வாயில் தனித்தனியாக மாட்டி, வெட்டிய மயிரிழை இடைவெளியில் தூரிகையால் துளி ரெசின் வைத்து அங்கேயே இணைத்தார். ரெசின் காயும்போது சுருங்கும். மொத்தக் குச்சியும் காய்ந்தால் சுருக்கம் அதிகம், துளி காய்ந்தால் சுருக்கமும் துளிதான். இந்தக் குச்சியின் மேல்தான் புது அச்சு. இப்படி யோசிக்கிற ஆள் எங்கள் பட்டறையில் இருந்திருந்தால் ஒரு எஞ்சின்கூடத் திரும்பி வந்திருக்காது.

புது பிரிட்ஜ் வார்த்ததல்ல. உலோகக் கட்டியிலிருந்து மெஷினில் கடைந்தது. சிமென்ட்டே கிடையாது. இம்ப்ளாண்ட்டின் மேல் ஓர் அடித்தூண், அது பலமான ஸ்க்ரூவால் நிரந்தரமாக. அதன் மேல் பிரிட்ஜ், அதற்குத் தனியாகச் சின்ன ஸ்க்ரூ. பொருத்தம் பார்க்க ஒரு பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிவிட்டு மறுபக்கத்தை எக்ஸ்ரேயில் பார்த்தார். மறுமுனை துளி எழும்பினாலும் பிரிட்ஜ் லேப்புக்குத் திரும்பும். ஷெஃபீல்ட் சோதனை என்று அதற்குப் பெயராம். எழும்பவில்லை.

டார்க் ரெஞ்ச்சில் மெல்லிய கம்பி ஒன்று அளவுக்கோட்டை நோக்கி வளைந்தது. பிரிட்ஜ் ஸ்க்ரூவுக்கு 15 நியூட்டன் சென்டிமீட்டர். முறுக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி அதே அளவுக்கு முறுக்கினார். புது உலோகத்தின் நுண்ணிய மேடுகள் நசுங்கி உட்காரும்போது முதல் பிடியில் சில சதவீதம் குறைந்துவிடும். இரண்டாவது முறுக்கு அதை ஈடுகட்ட. சக்கரம் மாட்டிய வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி முறுக்கச் சொல்லி நாங்கள் கத்துவோமே, அந்தச் சட்டம் என் வாய்க்குள்ளும் செல்லும்.

ஸ்க்ரூ போன துளைக்குள் ஒரு வெள்ளை நாடாவைத் திணித்தார். பார்த்தால் குழாய் இணைப்பில் சுற்றுகிற டெஃப்லான் டேப்! கிருமி நீக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் பல் நிறத்தில் ஃபில்லிங். நாளைக்குத் திறக்க வேண்டுமென்றால் ஃபில்லிங்கை நோண்டி, நாடாவை இழுத்துவிட்டால் ஸ்க்ரூ தெரியும்.

கடியைச் சரிபார்த்த விதமும் நினைவிருக்கிறது. 8 மைக்ரான் கனத்தில் உலோகத் தகடு ஒன்று, ஊதினால் பறக்கும். லேசாகக் கடித்தபோது சொந்தப் பற்களுக்கு நடுவில் அது மாட்டிக்கொள்ள வேண்டும், பிரிட்ஜுக்கு நடுவில் வைத்தால் உருவிக்கொண்டு வர வேண்டும். பலமாகக் கடித்தால் இரண்டு இடத்திலும் மாட்ட வேண்டும். சொந்தப் பல் அமுங்கும், இம்ப்ளாண்ட் அமுங்காது என்பதற்காக விட்ட இடைவெளி. பற்களின் மேல்தளத்தையும் பழையதைவிடக் குறுகலாக, மேடு குறைத்துச் செய்திருந்தார்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் நீலக்கோடு விழவே இல்லை. ராத்திரிக்கு மேல் தாடையில் மாட்டிக்கொள்ளக் கெட்டியான நைட் கார்டு ஒன்று. நறநற நிற்கவில்லை, சத்தம்தான் மாறியிருக்கிறது என்கிறாள் மனைவி.

அதற்குப் பிறகு இந்த பிரிட்ஜ் கழலவே இல்லை என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். கழன்றது. நெடுநாள் கழித்து, மேலே வேறொரு பல்லுக்கு ஊரிலேயே கேப் போட்டுக்கொண்டேன். சில வாரத்தில் பழைய "டிக்" கேட்டது. நேரே தஞ்சாவூர். ஃபில்லிங்கை எடுத்து, நாடாவை உருவி, ஸ்க்ரூவைத் தொட்டதும் சுலபமாகத் திரும்பியது. டாக்டர் அதை முறுக்கிவிட்டு அனுப்பவில்லை. நீலக் காகிதத்தை எடுத்தார். புது கேப்பின் ஒரு மேடு கீழே பிரிட்ஜில் தட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்து, பழைய ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஸ்க்ரூ மாட்டி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி முறுக்கி, நாடா, ஃபில்லிங். மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள். எலும்பில் எந்தச் சேதமும் இல்லை. வாயிலிருந்த அத்தனையிலும் மலிவான, கைக்கு எட்டும் இடத்தில் இருந்த சாமான் ஒன்று தன் வேலையைச் செய்திருந்தது.

இப்போது எனக்குத் தெரிந்தவர்கள் "கட்டின பல்லு ஆடுதுப்பா" என்று வந்தால், ஒட்டிக்கொண்டு வராதீர்கள், கேட்டுக்கொண்டு வாருங்கள் என்கிறேன். எது கழன்றது: சிமென்ட்டா, ஸ்க்ரூவா, எலும்புப் பிடிப்பா? ஏன் கழன்றது: கடியா, பொருத்தமா, ராத்திரி நறநறவா, போதாத முறுக்கா? இந்த இரண்டுக்கும் ஓரளவு பதில் எல்லா இடத்திலும் கிடைக்கும். மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்: இதை இறுக்கிவிட்டால் அடுத்து எது கழலும்? அதற்கு நின்று யோசித்துப் பதில் சொல்கிற டாக்டரிடம் பல்லை ஒப்படைக்கலாம். "இனிமே எதுவுமே கழலாது சார்" என்று சொல்கிறவரிடம் மட்டும், ரோட்டவேட்டரில் ஹை டென்சில் போல்ட் போட்டவர்களைப் பட்டறை வாசலில் பார்த்தவன் என்ற முறையில், நான் இரண்டாவது தடவை போக மாட்டேன்.